தொண்டையில் நின்ற ர

கஸ்தோன் ஞானாதிக்கத்தின் வாயிலிருந்து முதல் ஒலி கீழே விழுந்தபோது, அவர் மனைவி மதலேன் அதைப் புளியங்கொட்டை என்று நினைத்துத் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் அள்ளி, வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். இரண்டாவது விழுந்தபோதும் அதையேதான் செய்தாள். மூன்றாவது விழுந்தபோதுதான், வீட்டில் ரொம்ப நாளாகப் புளியே வாங்கவில்லையே, பாக்கெட்டில் விற்கிற கரைசலைத்தானே குழம்புக்கு ஊற்றுகிறோம் என்று யோசனை வந்து, குனிந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது மீன் செதில் மாதிரி தட்டையாக இருந்தது, விரலில் வைத்தால் லேசாக அதிர்ந்தது, காதருகே கொண்டுபோனால் பிள்ளை தூங்குகிறது சத்தம் போடாதே என்று யாரோ அதட்டுவதுபோல் 'ஷ்' என்றது. அவள் நாற்காலியில் இருந்த புருஷனைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார், அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது, அவள் அந்த ஒலியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களை சொல்தா என்பார்கள். லாந்தர் வீதியில் சொல்தாக்களுக்குப் பஞ்சமே கிடையாது, ஆனாலும் வெறுமனே 'சொல்தா வீடு' என்று கேட்டால் ஊர் கைகாட்டுவது கஸ்தோன் வீட்டைத்தான், அதற்குக் காரணம் அவருடைய பிரெஞ்சு. மற்றவர்கள் பிரெஞ்சு பேசினால் அதற்குள் கொஞ்சம் உள்ளூர் உப்பளமும் கொஞ்சம் முத்தியால்பேட்டையும் எட்டிப் பார்க்கும், கஸ்தோன் பேசினால் தெருவில் போகிற வெள்ளைக்காரர்களே நின்று, எந்த ஊர் ஐயா நீங்கள் என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்காகவே அவர் சாயங்காலங்களில் கஞ்சி போட்ட சட்டையோடு கடற்கரைக்குப் போவார் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட மனிதர், பெத்தாங் ஆடுகிற மைதானத்தில், உருட்டிவிட்ட இரும்புக் குண்டை எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, தமிழ் என்று ஒன்றைக் கற்றுக்கொண்ட அடையாளமே இல்லாமல் சுத்தமாகத் துடைத்துப் போயிருந்தது, பிரெஞ்சு மட்டும் இருந்தது, அதுவும் ஓட்டை ஓட்டையாக. இரண்டு மொழி தெரிந்த சிலருக்கு ஒன்று போய் ஒன்று தங்குவது உண்டு என்று டாக்டர்கள் சொன்னார்கள். மதலேன் அவரோடு பிரான்சில் தூலோன் நகரத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவள்தான், ஆனால் அவளுடைய பிரெஞ்சு 'வீ, நோ, மெர்சி'யோடும் நாலைந்து காய்கறிப் பெயரோடும் நின்றுபோயிருந்தது, அது போதும் என்று அந்த நாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

தலைக்குள் ஒரு குறையும் இல்லை, அதுதான் கொடுமை. அங்கே எல்லாச் சொல்லும் இஸ்திரி போட்டு மடித்து அடுக்கிய சட்டைகளாக வரிசையாக இருந்தன, அவருக்கு வேண்டியதை அவர் சரியாகத்தான் எடுத்தார், வாசல் வரைக்கும் சரியாகத்தான் கொண்டு வந்தார், உதட்டைத் தாண்டும்போது அது வேறொன்றாகி வெளியே போயிற்று. அறை புழுங்குகிறது, ஜன்னல் கதவைத் திற என்பதற்காக 'வொலே' என்றார், 'பொதே' என்று வந்தது. என்ன கேட்கிறார் என்று புரியாமல் மதலேன் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார், அவள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்தாள். விளக்கைப் போடச் சொன்னதற்குத் தண்ணீர், தலையணையை ஏற்றச் சொன்னதற்குத் தண்ணீர், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார் என்று கேட்டதற்கும் தண்ணீர். பாசத்தால்தான் கொடுத்தாள், அதனால் அவரால் கோபப்படவும் முடியவில்லை, குடித்துக் குடித்து வயிறு உப்பி, கண்ணோரம் நீர் கோத்துக்கொண்டு, தன் உடம்பு என்கிற வீட்டுக்குள் தன்னையே வைத்துப் பூட்டியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த வீட்டில் அவரைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் எலோதி. அவர்களுடைய மகள் ரெஜினின் பெண், நாலு வயசு, பாரிஸ் பக்கத்தில் பிறந்து பேச ஆரம்பிக்கிற நேரத்தில், ரெஜினுக்குப் புருஷனோடு பிரிவும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் மாற்றி மாற்றி ஷிப்டுமாக வந்து சேர்ந்ததால், ஆயா மதலேனிடமும் தாத்தாவிடமும் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளை. வாயைத் திறந்தால் மூடாது, ஆனால் பாதி ஒலிகள் அதற்கு இன்னும் வந்து சேரவில்லை. பூனையைப் பிரெஞ்சில் 'ஷா' என்று சொல்ல வேண்டும், அவள் 'தா' என்பாள், கஸ்தோனுக்கும் இப்போது 'தா'தான் வந்தது. அவளுக்கு எந்த ஒலி நழுவியதோ அதே ஒலி அவருக்கும் நழுவியது, அவள் எந்தச் சொல்லின் வாலைக் கடித்துத் துப்பினாளோ அதே வாலை அவரும் விட்டார். அதனால் 'பொதே' என்று அவர் சொன்ன மறு நொடியே எலோதி நாற்காலியில் ஏறி ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"தண்ணி வாணாம் ஆயா, தாத்தாவுக்குக் காத்து வேணும்."

உலகத்திலேயே இரண்டே பேர் பேசுகிற ஒரு பாஷை அந்த அறையில் நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் காலடியில் உட்கார்ந்து அவள் பேசுவாள், அவர் பேசுவார், மதலேனுக்கு அது இரண்டு குழந்தைகள் உளறுவதாகத்தான் கேட்கும், ஆனால் அவர்கள் நாய்களைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் இறந்துபோனவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைப் பற்றியும் பேசினார்கள். கஸ்தோனுக்கு வெளியே போக இருந்த ஒரே வாசல் அந்தப் பிள்ளைதான்.

ஜன்னல் கட்டையில் ஆயா வைத்த செதிலை எலோதி அன்றைக்கே கண்டுபிடித்தாள். நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு பொருள் என்னவென்று தெரிய வேண்டுமானால் வாயில்தான் போட்டுப் பார்க்க வேண்டும், போட்டாள், அது நாக்கில் பட்டதும் கரைந்து எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது, மதில்மேல் இருந்த பூனையைப் பார்த்து 'ஷா' என்றாள். பூனை திரும்பிப் பார்த்தது. கஸ்தோனும் பார்த்தார், அந்த 'ஷ்' தன்னுடையது என்று அவருக்குச் சட்டென்று தெரிந்தது, பேத்தி முதல்முறையாகச் சரியாகச் சொல்லிவிட்டாள் என்று நெஞ்சு பூரித்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டினார்.

அடுத்த தடவை வழவழப்பான ஒன்று விழுந்து உருண்டபோது, அதை எடுத்து என் வாயில் போடு என்று எலோதியிடம் சொன்னார். போட்டாள். தொலைந்த ஒலி தொண்டைக்குத் திரும்பியது, கஸ்தோன் அது இருக்கிற ஒரு முழு வாக்கியத்தை, பழைய கஸ்தோனாகவே, கம்பீரமாகச் சொன்னார். சொன்ன சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது, சிரித்ததில் புரை ஏறியது, புரை ஏறியதில் முகம் சிவந்தது. மதலேன் அடுப்படியிலிருந்து வந்தபோது கண்டதெல்லாம் இருமித் தவிக்கிற புருஷனையும் அவர் வாயிலிருந்து கையை எடுக்கிற பேத்தியையும்தான். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம், கெட்டியாகச் சின்னதாக எதையும் வாயில் போட்டுவிடாதீர்கள், தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் பிள்ளையின் கையில் ஒரு அடி போட்டாள்.

"கீழ கெடக்குறத எடுத்து தாத்தா வாயில போடுவியா? அவருக்கு எதனா ஆச்சுன்னா நான் எங்கடி போவேன்?"

"தாத்தாதான் போடச் சொன்னாரு. போட்டா பேசுறாரு ஆயா."

"பேசுவாரு, பேசுவாரு. இனிமே போட்டியோ, சூடு வெச்சிருவேன்."

அன்றோடு அந்த வழி அடைபட்டது. மதலேன் தப்பு செய்ததாக யாரும் சொல்ல முடியாது, புருஷனை உயிரோடு வைத்துக்கொள்ளத்தான் அவள் அப்படிக் காவல் காத்தாள். அவர் வாயில் இனி மசித்த சோறும் கஞ்சியும் தவிர வேறு எதுவும் போகக்கூடாது என்று பார்த்துக்கொண்டாள். ஒலிகள் அவர் காலடியில் விழுந்து கிடந்தன, கை எட்டாத தூரம் ஒன்றும் இல்லை, நல்ல நாளில் ஒரு குனிவில் அள்ளியிருப்பார். இப்போது குனிந்தால் குப்புற விழுவார். தன்னுடைய பேச்சு தன் பாதத்துக்குப் பக்கத்திலேயே கிடந்து முனகுவதைக் கேட்டுக்கொண்டு, யாராவது வந்து பெருக்கிக்கொண்டு போகும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு விஷயம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. எதிர்வீட்டு புளோரா, பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முட்டி மோதிக்கொண்டிருந்தவள், தன் மகன் தியோ 'ஸ்' வராமல் பாம்பு மாதிரி சீறிக் காட்டக்கூடத் தெரியாத பிள்ளையாக இருக்கிறானே என்று கவலையில் இருந்தவள், மதலேனுக்கு முருங்கைக்கீரை கொடுக்க வந்த இடத்தில் தரையில் ஒன்று மினுங்குவதைப் பார்த்தாள். எலோதி அது என்னவென்று சொன்னாள். புளோரா அதை வேளாங்கண்ணித் தீர்த்தத்தில் கழுவி மகன் வாயில் போட்டாள். அன்று சாயங்காலம் தியோ தெருவில் போகிற சைக்கிள், ஸ்கூட்டர், சோடா வண்டி எல்லாவற்றையும் பார்த்து 'ஸ்ஸ்' என்று சொல்லி, இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை ஓயவில்லை.

பிறகு என்ன, அந்த வீட்டு வாசலில் செருப்பு குவிந்தது. கன்னிப்பிள்ளைகள் தலையில் வைக்க மகிழம்பூ பொறுக்குவதைப்போல, விழுந்ததை எடுப்பது திருட்டாகாது என்பது லாந்தர் வீதியின் பழக்கம், யார் வீட்டு மாங்காயானாலும் மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் எடுத்தவருக்குத்தான் சொந்தம். சொல்தா பேச முடியாமல் போனாலும் தெருப் பிள்ளைகளுக்கு வாரி வழங்குகிறார் என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள், உதிர்வதற்கு முத்து என்று பேரும் வைத்தார்கள். கட்டணம் கிடையாது, ஆனால் வெறுங்கையோடு யாரும் வரவில்லை, இட்லி கொண்டுவந்தார்கள், இளநீர் கொண்டுவந்தார்கள், அவர் சாப்பிட முடியாததால் எல்லாவற்றையும் எலோதியும் பூனையும் தின்றார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்தார், இதில் பாவம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, பூசை நேரத்தில் மட்டும் பொறுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நகராட்சியிலிருந்து தெருக் கூட்ட வருகிற அம்மாள், கவனிக்காமல் பெருக்கியதில் ஒட்டிவந்த ஒலிகளை முறத்தில் வைத்துக்கொண்டு, இது பச்சைத் தொட்டியா நீலத் தொட்டியா, மக்குமா மக்காதா என்று கேட்டாள், யாருக்கும் தெரியாததால் தனியாக ஒரு மஞ்சள் வாளி வைக்கப்பட்டது. மீன் விற்கிற கேபிரியேலின் மகனுக்குக் கிடைத்தது மூக்கால் சொல்கிற ஒலி, அது பிரெஞ்சுக்கு ரொம்ப நல்லது, ஆனால் அவன் தமிழையும் மூக்காலேயே பேச ஆரம்பித்து, வஞ்சிரம் வாங்க வருகிறவர்கள் அவனுக்குச் சளி பிடித்திருப்பதாக நினைத்து மிளகு ரசம் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முத்து சும்மா உதிராது, பேசினால்தான் உதிரும் என்று தெரிந்தபிறகு மரியாதையாக அவரைப் பேச வைக்க ஆரம்பித்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் முசியே, ராத்திரி தூங்கினீர்களா முசியே, ராணுவத்தில் எங்கெல்லாம் போனீர்கள் முசியே. ஒருவர் பின் ஒருவராக வந்து, முகம் நிறையச் சிரிப்போடு, மடியில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு, மாமரத்தை உலுக்குவதுபோல் அவரை உலுக்கினார்கள். முதலில் கஸ்தோன், ஐயா, அது என்னுடையது, என்னிடம் கொடுங்கள் என்று சொல்லப் பார்த்தார். சொல்லச் சொல்ல உதிர்ந்தது, உதிர உதிரப் பொறுக்கினார்கள், பொறுக்கியவர்கள் அவருடைய கையைப் பிடித்து மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னார்கள். தன்னைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்வதற்கே அவர் கொள்ளை போக வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவர் வாயை மூடிக்கொண்டார்.

எலோதியிடம் மட்டும் பேசினார். பேசாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவளிடம் பேசினாலும் உதிர்ந்தது, அவள் கைப்பிள்ளைப் பழக்கத்தில் எடுத்து வாயில் போட்டாள், போட்டவள் அந்த ஒலியோடு பேசினாள், பேசியவளுக்கு அந்த ஒலி இல்லாமல் அவர் பேசுவது கொஞ்சம் கொஞ்சமாகப் புரியாமல் போயிற்று. முன்பு சொல்லி முடிப்பதற்குள் ஓடுகிறவள் இப்போது நின்று, "இன்னொரு வாட்டி சொல்லு தாத்தா" என்றாள். அவர் இன்னொரு வாட்டி சொன்னார். அவள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வருகிற டாக்டரம்மா சுகுணா, மஞ்சள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, மதலேன் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கொழந்தைங்க ஏறி வர்ற படியிலதான்மா இவங்க எறங்குறாங்கன்னு சொல்லுவாங்க. கடைசியா கத்துக்கிட்டது மொதல்ல போகும், பா, மா, தா மட்டும் கடைசி வரைக்கும் நிக்கும். நடுவுல ஏதோ ஒரு படியில தாத்தாவும் பேத்தியும் பாத்துக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அவ மேல போயிடுவா, இல்ல? எல்லாருக்கும் அப்படியே நடக்காது. இவருக்கே பாருங்க, அந்தத் தொண்டை 'ர' எப்பவோ போயிருக்கணும். இன்னும் விழவே இல்ல. ஏன்னு எனக்குத் தெரியல."

கஸ்தோனுக்குத் தெரியும். முதல் ஒலி விழுந்த அன்றே அவர் அந்த 'ர'வைத் தொண்டையின் அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், 'ர' வருகிற எந்தச் சொல்லையும் அதற்குப் பிறகு வாயால் தொடவில்லை, சுற்றி வளைத்து, வேறு சொல் தேடி, கிடைக்காவிட்டால் சொல்லாமலே விட்டார். தொண்டையை உரசிக்கொண்டு வருகிற அந்தப் பிரெஞ்சு 'ர' அவருக்குச் சும்மா வந்ததில்லை. பதினெட்டு வயசில் கப்பலிலிருந்து இறங்கிப் பட்டாளத்தில் சேர்ந்தபோது அவர் நாக்கு நுனியில் அடித்துச் சொன்ன தமிழ் 'ர'வைக் கேட்டு கூடமே உருண்டு புரண்டு சிரித்தது, அவர் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள், பேர் சொல்லி வருகை கொடுக்கும்போதும் சிரித்தார்கள். குளியலறையில் தண்ணீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்துக் கொப்பளித்து, குரல்வளை புண்ணாகி, ஒரு குளிர்காலம் முழுக்க அதைப் பிடித்துக் கொண்டுவந்தார். வந்த அன்றோடு சிரிப்பு நின்றது. அவர் சம்பாதித்ததிலேயே அவருடையது என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, அதை அவர் தனக்குள்ளேகூட மெதுவாகத்தான் சொல்லிக்கொள்வார். எலோதிக்கு இப்போது எல்லா ஒலியும் வந்துவிட்டது, 'ர' மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் காட்டுகிற ரெஜின் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

"அந்த 'ர' மட்டும் வந்துடட்டும்மா, லீவுல வந்து இட்டுனு போயிடறேன். இங்க பேச்சு தெளிவா இல்லன்னா தனியா ஒக்கார வெச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. என்னயும் அப்படித்தான் ஒக்கார வெச்சாங்க, எனக்குத் தெரியும் அது."

அம்மா சொன்னதை எலோதியே பிரெஞ்சில் தாத்தாவுக்குச் சொல்லியிருந்தாள். ஆக 'ர' தொண்டையில் நிற்கிறவரை பிள்ளை வீட்டில் இருக்கும். பாதி புரிந்தாலும், கால்வாசி புரிந்தாலும், காலடியில் உட்கார்ந்து இன்னொரு வாட்டி சொல்லு தாத்தா என்று கேட்க ஒரு ஆள் இருக்கும். பிடித்துக்கொண்டவர் பிடித்துக்கொண்டேதான் இருந்தார்.

தெருவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் சொல்தாவிடம் கடைசி முத்து ஒன்று பாக்கி, அது பேத்திக்குப் போனால் அவள் அம்மாவோடு சேர்வாள் என்பதுதான். நல்ல காரியத்துக்கு இந்தத் தெரு சளைத்ததே இல்லை. பெத்தாங் கூட்டாளி ரெனே மைதானத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து, அறைக்குள்ளேயே இரும்புக் குண்டை உருட்டி, அது போய் நின்ற தூரத்தை வேண்டுமென்றே தப்பாக அளந்தார், கஸ்தோன் பொறுக்க மாட்டாமல் கத்துவார், கத்தினால் 'ர' வரும் என்பது அவர் திட்டம். கஸ்தோனின் காதுமடல் சிவந்தது, வாய் திறக்கவில்லை. பட்டாளத்துப் பாட்டைப் பாடி, 'ர' வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். புளோரா அவர் உதட்டில் தேன் தடவினாள். மதலேன் ஒருநாள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்குப் புரியுதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "தொண்டையில பேச்ச புடிச்சி வெச்சிருக்கல நீங்க. புள்ளைய புடிச்சி வெச்சிருக்கீங்க."

கஸ்தோனுக்குத் தமிழ் போய்விட்டிருந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் போதும், நாற்பது வருஷமாகப் படித்த முகம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவருக்கு வாய் துடைத்துவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை எலோதி தெருவிலிருந்து அழுதுகொண்டு ஓடிவந்தாள். புளோரா வீட்டு வாசலில் பிள்ளைகள் பள்ளிக்கூட ஆட்டம் ஆடியிருக்கிறார்கள், சொல்தாவின் ஒலிகளை வாயில் வைத்திருக்கிற அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லச் சொன்ன சொல்லில் எலோதிக்கு 'ர' வராமல் போக, தியோ தரையில் விழுந்து உருண்டு சிரித்தானாம். அவள் தாத்தாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்குச்சளி அவர் வேட்டியில் அப்ப, இனிமேல் பேசவே மாட்டேன் என்றாள்.

"நானும் ஒன்ன மாதிரி வாய மூடிக்குவேன் தாத்தா."

பிரெஞ்சில்தான் சொன்னாள், 'ர' வரவேண்டிய இடங்களில் எல்லாம் ஓட்டையோடு. கஸ்தோனுக்கு முழுக்கப் புரிந்தது. நாக்கு நுனியில் அடித்துக்கொண்டு கூடத்து நடுவில் நின்ற பதினெட்டு வயசுப் பையன், சிரிப்புச் சத்தம், குளிர்ந்த தண்ணீர், எல்லாம் ஒருமிக்கத் திரும்பி வந்தது. தான் ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டது போதாதென்று பக்கத்தில் இன்னொரு கதவையும் சாத்திக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கப்பட்டார். இடது கையை அவள் தலையில் வைத்தார். அன்று முழுக்க எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, மதலேன் போனை டம்ளரில் சாய்த்து நிறுத்தினாள், ரெஜினின் முகம் வந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, நைட் ஷிப்ட் முடிந்து வந்த முகம். வழக்கம்போல அப்பா எப்படி இருக்கிறீர்கள் என்றாள், வழக்கம்போல பதிலை எதிர்பார்க்காமல் அம்மாவிடம் பேசத் திரும்பினாள். நோய் வந்த நாளிலிருந்து அப்பா தன் பேரை ஒருதடவைகூடச் சொல்லவில்லை என்பது அவளுக்கு ஆறாத குறை. சொன்னால் 'ர'வில் அல்லவா ஆரம்பிக்க வேண்டும்.

கஸ்தோன் வாயைத் திறந்தார். தலைக்குள் அந்தப் பேர் முழுசாக, அழகாக இருந்தது, ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கையில் கொடுத்த நாளில் முதல்முறையாகச் சொன்னபோது இருந்த மாதிரியே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிடித்திருந்த பிடியை விட்டார்.

"ஏ...தின்" என்று வந்தது.

மிளகைவிடக் கொஞ்சம் பெரியதாக, கருப்பாக, சொரசொரப்பாக ஒன்று அவர் உதட்டிலிருந்து நழுவி, மார்பில் பட்டு, மடியில் தட்டி, தரையில் விழுந்து உறுமிக்கொண்டு கிடந்தது. போனில் ரெஜின், "என்னா கேக்குறாரு? தண்ணியா?" என்றாள்.

எலோதி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள்.

"இல்லம்மா. ஒன் பேரத்தான் கூப்புடுறாரு."

ரெஜின் திரையிலிருந்து விலகினாள், அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மதலேன் வாயைப் பொத்திக்கொண்டாள். எலோதி கையிலிருந்ததை ஒருமுறை தாத்தாவைப் பார்த்து நீட்டினாள், உனக்கு வேண்டுமா என்று கேட்பதுபோல், ஆயா பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. மதலேன் அன்று தடுத்திருப்பாளோ மாட்டாளோ, அவளுக்கே தெரியாது. கஸ்தோன் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பிள்ளை அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டது.

லீவுக்கு ரெஜின் வந்தாள். தெருவே கூடிப் பெட்டி கட்டியது, புளோரா முறுக்கு சுட்டுக் கொடுத்தாள், ரெனே எலோதிக்கு ஒரு பெத்தாங் குண்டைக் கொடுக்க, கனம் அதிகம் என்று ரெஜின் திருப்பிக் கொடுத்தாள். சென்னை விமான நிலையத்துக்குப் போகிற வண்டி வாசலில் நின்றது. எலோதி வெள்ளைக் கவுனும் புது ஷூவுமாகத் தாத்தாவின் நாற்காலிக்கு வந்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, நிமிர்ந்து நின்று, போய்வருகிறேன் என்பதைப் பிரெஞ்சில் "ஓ ர்வ்வார், தாத்தா" என்றாள். அத்தனை பேரும் கேட்டார்கள். கடற்கரையில் வெள்ளைக்காரர்களை நிற்க வைத்த 'ர' அதேதான், குளியலறைத் தண்ணீரில் கொப்பளித்துக் கொண்டுவந்த அதே 'ர', ஒரு சொல்லில் இரண்டு தடவை. சொல்தா பேசுவது மாதிரியே இருக்கிறது என்று ரெனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கஸ்தோன் பேச வேண்டும் என்று முடிவுசெய்தார். தலைக்குள் அது ரொம்பச் சின்ன வாக்கியம், திரும்பி வா, நான் இங்கேயேதான் இருப்பேன், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு அவரிடம் மிச்சம் இருந்ததோ பாவும் மாவும் தாவும். இருந்ததை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அடுக்கி, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுப் பேத்தியின் முகத்தைப் பார்த்தார்.

எலோதி கவனமாகக் கேட்டாள், வெளியூரில் வழி கேட்கிறவர்கள் பேச்சை மரியாதைக்காகக் கேட்பார்களே அப்படி. பிறகு ஆயா பக்கம் திரும்பினாள்.

"ஆயா, தாத்தா என்னா சொல்றாரு?"

மதலேன் அவரைப் பார்த்தாள், வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"தண்ணி கேக்குறாரு கண்ணு, நீ போயிட்டு வா" என்று சொல்லி, உள்ளே போய் டம்ளரில் கொண்டுவந்து, அவர் தாடையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். கஸ்தோன் குடித்தார்.